கெழக்கே போகச் சொன்னாள்

உமேஷும் ஜோதிமணியும் கல்யாணமான மூன்று வருஷத்தில் வீட்டில் உட்கார்ந்து பேசியதைவிட பஸ்ஸில் உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. உமேஷுக்கு நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, எப்போதும் ராத்திரி ஷிப்ட். ஜோதிமணிக்கு தேவராஜ அரசு ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை, பகல் முழுக்க. அவன் வீட்டுக்குள் நுழைகிறபோது அவள் தலை வாரிக்கொண்டிருப்பாள். அவள் நுழைகிறபோது அவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். மைசூரில் கேசரைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டின் வாசற்படியில்தான் அவர்களுடைய குடித்தனமே நடந்தது. "ரசம் அடுப்பு மேல இருக்குதுங்க." "கேஸ் புக் பண்ணிட்டேன்." அதற்குமேல் பேச நேரம் இருக்காது.

அதனால்தான் இருவரும் ஊர் சுற்ற ஆரம்பித்தார்கள். லீவு ஒன்றாக வாய்த்தால் போதும், முதுகில் ஆளுக்கொரு பை, சுருட்டிக் கட்டிய ஒரு சின்னக் கூடாரம், சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிடுவார்கள். அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்று ஆன பிறகு கண்டக்டர் உமேஷிடம் மட்டும்தான் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவார். "நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகலீங்க. நாந்தான் போறேன், நீங்க காசு குடுத்துக் கூட வர்றீங்க" என்பாள் ஜோதிமணி.

பஸ் ஊரெல்லை தாண்டியதும் அவளுக்குப் பேச்சு ஊறும். சின்ன வயதில் லாரி ஓட்ட ஆசைப்பட்டாள் என்பது உமேஷுக்கு பஸ்ஸில்தான் தெரியவந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்ததும் அப்படித்தான் தெரிந்தது. மணிக்கணக்காகப் பேசுவாள். கேட்டுக்கொண்டே வருவான். இந்தப் பயணங்கள் நின்றுபோனால் பெண்டாட்டி என்பவள் வாசற்படியில் எதிர்ப்படுகிற ஒரு ஆளாகிவிடுவாள் என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

அத்தனை அருமையான பயணங்களை உமேஷ் நடத்திய அழகையும் சொல்லியாக வேண்டும். கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டம் போடுவான். காகிதத்தில் எல்லாம் பக்காவாக இருக்கும். பஸ் ஏறியதும் கவிழும். மரவந்தெ கடற்கரையில் கூடாரத்துக்கு முளை அடிக்காமல் காற்று வாங்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் கூடாரம் தன் பங்குக்குக் காற்று வாங்கப் போயிருந்தது. குடகில் அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்து வைக்கச் சொன்னாள். மழையில் கால் முழுக்க அட்டை ஏறிய நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் சர்க்கரை.

இத்தனைக்கும் ஜோதிமணி ஒரு நாள்கூடத் தலையில் கைவைத்து உட்கார்ந்ததில்லை. கூடாரம் பறந்த அன்றைக்கு அவள் நேராகப் போய், மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். அந்தப் பக்கத்துக் கன்னடம் உமேஷுக்கே பாதிதான் புரியும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. புருஷனைப் பற்றிய குறையைத் தமிழிலேயே சொன்னாள், அவர்கள் தங்கள் பேச்சில் ஆறுதல் சொன்னார்கள், அன்றைக்குச் சாப்பாடும் படுக்கையும் அவர்கள் வீட்டில்தான். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் அவளுக்கு அங்கே ஒரு அக்கா கிடைத்துவிடுகிறாள். மேப்பில் இல்லாத அந்த வித்தையை உமேஷ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் சித்ரதுர்கா விஷயம் வேறு.

ஹம்பிக்குப் போவதாகக் கிளம்பிய பயணம் அது. சித்ரதுர்காவில் பஸ் நின்றது. பாத்ரூம் போய்விட்டு வருவதாகக் கண்டக்டரிடம் சொல்லி இறங்கியவள், தன் பையைத் தூங்கிக்கொண்டிருந்த உமேஷின் தோளோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். பஸ் கிளம்பப் போனது. அவள் வந்தாச்சா என்று கண்டக்டர் குரல் கொடுத்தபோது உமேஷ் அரைத்தூக்கத்தில் பையைத் தட்டிக் கொடுத்து, "பந்தாயிது, பந்தாயிது" என்றான். வந்தாச்சு, வந்தாச்சு என்று. பை வந்திருந்தது உண்மைதான். பெண்டாட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, கதையைச் சொல்லி, பஸ் முழுக்க உமேஷைத் திட்ட வைத்து, யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை முந்தானையில் கட்டிக்கொண்டு அவள் ஹம்பிக்கு இறங்குகிற ஹொசபேட்டையில் வந்து இறங்கினாள். உமேஷ் அங்கே கண்ணெல்லாம் சிவந்து நின்றிருந்தான். அவள் ஒரு பழத்தை உரித்து அவன் கையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

செய்தி எப்படியோ மார்டள்ளிக்குப் போய்விட்டது. ஜோதிமணி பிறந்த ஊர் அது, ஹனூருக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ் பேசுகிற ஊர். அவளுடைய அண்ணன் மகேந்திரன் மைசூருக்கு வந்து, காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "மாப்ள, ஊர் சுத்தறதுன்னா போன ரெண்டு பேரும் திரும்பி வரோணும். ஒருத்தரு வந்துட்டு இன்னொருத்தரத் தேடறது சரியில்லீங்க. போதும், உட்டுருங்க."

உமேஷ் ஜோதிமணியைப் பார்த்தான். அவள் எப்போதும் அவன் பக்கம் பேசுகிறவள். அன்றைக்கு அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தொலஞ்சு போறதுக்கு எனக்குப் பயமில்லீங்க. ஆனா நீங்க என்னைய உட்டுட்டுப் போனது எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. இன்னொருக்கா போலாம். அதுலயும் உட்டுட்டுப் போனீங்கன்னா, அதோட சரி. நீங்க தனியா சுத்திக்கங்க, நான் லீவுக்கு எங்கூருக்குப் போயிக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பில்லில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால் உமேஷுக்கு அன்றைக்கு ஷிப்டில் வேலையே ஓடவில்லை.

அந்த இன்னொரு பயணம்தான் பசவனகல்லு. மைசூரிலிருந்து மேலுகோட்டைப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு பாறைமலை. ரோட்டோரம் ஒரு டீக்கடை, அங்கிருந்து மலைக்கு ஒரு பாதை. உச்சியில் ஒரு கல் மண்டபம். உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரிவில் நடந்தால் ஒரு ஏரியும் சின்ன ஊரும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுவிட்டுக் காலையில் கிளம்பிவிடலாம் என்பது ஏற்பாடு. இந்தத் தடவை உமேஷ் மேப்பை நம்பவில்லை. ஒரே ஒரு தீர்மானம் எடுத்துக்கொண்டான்: ஜோதி என்ன சொல்கிறாளோ அதைச் செய்வது. மறுபேச்சு கிடையாது. எதிர்க்கேள்வி கிடையாது.

அவன் கெட்டது அந்தத் தீர்மானத்தால்தான்.

பாதி மலையிலேயே ஜோதிமணிக்குப் புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். உமேஷ் அவளுடைய பையை வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டான். தண்ணீர் பாட்டில்களைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் போனில் சார்ஜ் இல்லை என்றதும் அதையும் வாங்கி பவர் பேங்கில் செருகி உள்ளே வைத்தான். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, நடுவில் உமேஷ். தன்னைவிட அக்கறையான புருஷன் கர்நாடகத்திலேயே இல்லை என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மண்டபத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தார்கள். கொப்புளம் பெரிதாக இருந்தது.

"இந்தக் காலோட அந்தப் பக்கம் போக ஆகுமா? கஷ்டம் அல்வா?" என்றான் உமேஷ்.

இந்த அல்வா திங்கிற அல்வா இல்லை. கன்னடத்தில் "இல்லையா?" என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். உமேஷின் அப்பா அம்மா கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தவர்கள். அவன் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது, கனவு கண்டது எல்லாம் கன்னடத்தில். தமிழ் வீட்டுக்குள் மட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் "காபி நல்லா இருக்கு அல்வா?" என்று அவன் கேட்டுவைக்க, மாமியார் பதறிப்போய் அல்வா வாங்க ஆள் அனுப்பியது மார்டள்ளியில் இன்றைக்கும் பேசப்படுகிற கதை.

"வந்த வழியே எறங்கீரலாமா, ஏரிக்கே போயிரலாமான்னு யோசிக்கறேன்" என்றாள் ஜோதிமணி. "அங்க ஆடு மேய்க்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. பாதை எப்படின்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்." பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் போனாள்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் பாறைக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, கெழக்கயே போயரலாங்க. நீங்க முன்னால நடங்க. நான் இவங்ககூடப் பேசிட்டே வந்தர்றேன்."

உமேஷின் காதில் அது "கெளக்கெ" என்று விழுந்தது. கெளக்கெ என்றால் கன்னடத்தில் கீழே. கீழேயே போய்விடலாம், நீங்கள் முன்னால் நடங்கள். கால் வலிக்கிறது, வந்த வழியே இறங்கலாம் என்கிறாள். எவ்வளவு நியாயமான முடிவு. இரண்டு பைகளையும் இறுக்கிக்கொண்டு, டீக்கடை ரோட்டைப் பார்க்க, மேற்கு முகமாக மலையிறங்க ஆரம்பித்தான். வழக்கமான உமேஷாக இருந்திருந்தால் நின்று, "கீழேயா? நிஜமாவா?" என்று கேட்டிருப்பான். இன்றைக்கு மறுபேச்சு இல்லாத உமேஷ்.

பாதி வழியில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தான். பாறைகள் மறைத்தன. வெறுங்கால், மெதுவாகத்தான் வருவாள், பேச்சுத் துணையும் கிடைத்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஒரு டீ குடித்தான். இன்னொரு டீ குடித்தான். வெயில் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நகர்ந்தது. மலைப்பாதையில் கல்லூரிப் பையன்கள் இறங்கி வந்தார்கள். "வெறுங்காலோட ஒரு அக்காவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றார்கள். அப்போதுதான் அவன் இரண்டு பைகளையும் தடவிப் பார்த்தான். அவளுடைய தண்ணீர் அவன் முதுகில் இருந்தது. அவளுடைய போன் அவன் முதுகில் இருந்தது. அவளுடைய பர்ஸ் அவன் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் இருந்தது ஒரு ஜோடி ஷூ, அதுவும் கையில்.

அவன் முகத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் என்னவென்று விசாரித்தார். உமேஷ் கன்னடத்தில் நடந்ததைச் சொன்னான். கீழே போகச் சொன்னாள், வந்துவிட்டேன், அவளைக் காணோம்.

"உன்கிட்ட கன்னடத்துலயா சொன்னா?" என்றார் அவர்.

"இல்லை, தமிழ்ல..." என்று ஆரம்பித்தவன், அவள் சொன்னதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். "கெழக்கயே போயரலாங்க."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. அவள் அவனிடம் கன்னடம் கலந்து பேசுகிறவளே இல்லை. வாடிக்கையாளர்களிடம் சுத்தமான கன்னடம், புருஷனிடம் சுத்தமான மார்டள்ளித் தமிழ். அந்த ஊர்க்காரர்களுக்கு இடது வலது என்பதே கிடையாது. எல்லாம் திக்குதான். கல்யாணமான புதிதில் மாமியார், "கெழக்கால ரூமுல படுத்துக்கங்க மாப்ள" என்றபோது, மாடியே இல்லாத அந்த வீட்டில் உமேஷ் கீழே இறங்கப் படிக்கட்டு தேடியிருக்கிறான். இவள் மட்டும் என்ன. "கொஞ்சம் வடக்க தள்ளி உக்காருங்க" என்பாள். ஓடுகிற பஸ்ஸுக்குள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப தெக்கால திரும்பீருச்சு" என்பாள், சரியாக இருக்கும். அவள் சொன்னது கிழக்கு. ஏரி இருப்பது கிழக்கே. இவன் அவளை ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் உச்சியில் விட்டுவிட்டு மேற்கே இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

உட்டுட்டுப் போனீங்கன்னா, அதோட சரி. விட்டுவிட்டு வந்தாயிற்று.

ரோடு வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த ஏரிக்கு வண்டி கிடைக்கும் என்று டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். உமேஷின் காதில் ஏறவில்லை. அவள் உச்சியிலேயே நிற்கிறாளோ, வழியில் எங்காவது கால் முடியாமல் உட்கார்ந்துவிட்டாளோ? அவள் நடந்த பாதையில் நடந்தால்தானே தெரியும்? "அவ சொன்னது கெழக்கு" என்று தமிழில் அவரிடம் சொல்லிவிட்டு, முன்னும் பின்னும் பைகளோடு மலையேற ஆரம்பித்தான்.

உமேஷைக் கேலி செய்ய ஆயிரம் காரணம் இருக்கிறது. இந்த ஏற்றத்துக்காக மட்டும் கேலி செய்ய மனம் வரவில்லை. காலையில் ஏறியது வேறு, இது வேறு. உச்சி வெயிலில் சுட்ட பாறை இப்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மார்புப் பை முட்டியில் இடித்தது. அவளுடைய பாட்டிலில் இருந்த தண்ணீரை அவன் தொடவில்லை, அது அவளுக்கு. தன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மூச்சிரைக்க, பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினான். மண்டபத்தில் யாரும் இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்புழுக்கைதான் கிடந்தது. போனைப் பார்த்தான், சிக்னல் இல்லை. சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டால் எதிரே இருப்பது கிழக்கு என்று முதல்முதலாகத் தானாக ஒரு திக்கைக் கண்டுபிடித்து, அந்தச் சரிவில் இறங்கினான்.

ஏரிக்கரையை அவன் அடைந்தபோது வெயில் தணிந்துவிட்டது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவனைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பை மாட்டிய ஆளைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீதானா அவன்?" என்றார் அவர்களில் வயதில் மூத்தவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கன்னடத்தில். அவர் பெயர் சென்னம்மா என்று பிறகு தெரிந்தது.

"ஜோதி எங்க?"

"நல்லா இருக்கா. மோர் குடுத்தோம், காலுக்கு மஞ்சள் வச்சுக் கட்டிவிட்டோம். ரொம்ப நேரம் இந்தக் கல்லு மேல உக்காந்து உன்னையத்தான் பார்த்துட்டிருந்தா. 'அவரை முன்னால நடக்கச் சொன்னேன், எனக்கு முன்னாடி வந்திருக்கணுமே'ன்னா. அவன்கிட்ட நீ என்னன்னு சொன்னேன்னு நான் கேட்டேன். சொன்னா. கெளக்கென்னு சொன்னா கீழதானே போவான், அவன்மேல என்ன தப்புன்னு நாங்க சிரிச்சோம். அவ சிரிக்கலை. எந்திரிச்சுட்டா. எங்க பக்கத்து வீட்டு டிராக்டர் ரோட்டுக்குப் போச்சு. அதுல ஏறிக் கெளக்கெ போயிட்டா, உன்னையத் தேடி."

உமேஷ் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் மலைமேல் அவளைத் தேடி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மலையைச் சுற்றிக்கொண்டு அவனைத் தேடிப் போயிருக்கிறாள். அவள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். அங்கே காலி பெஞ்ச் இருந்திருக்கும். கொப்புளக் காலோடு வந்து பார்த்தால் மறுபடி அவன் இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை ஒரு பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறவன் உலகத்தில் யாராவது உண்டா என்று அவனுக்கே அவமானமாக இருந்தது. மகேந்திரன் இதைக் கேட்டால் டம்ளரைக் கீழே வைக்கவே மாட்டார், தூக்கித்தான் எறிவார்.

அப்போது போன் அடித்தது. ஊர் பக்கம் வந்ததால் சிக்னல் வந்திருந்தது. தெரியாத நம்பர்.

"ஏனுங்க."

உமேஷ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"டீக்கடைக்காரர் போன்லருந்து பேசறேன். ஏரிக்கரையிலயா இருக்கீங்க?"

"ஆமா."

"அங்கயே இருங்க. கெழக்கயும் போக வேண்டாம், கீழயும் போக வேண்டாம். உக்காந்த எடத்துல உக்காந்திருங்க. டிராக்டர் திரும்பி வருது, அதுலயே வந்தர்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது. குரலில் கோபம் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே பில் போடுகிற குரல்தான். அந்தக் குரலில்தான் அவள் அன்றைக்கு அந்த நிபந்தனையையும் சொன்னாள்.

அவன் காத்திருந்தான். இனி லீவு நாட்களில் அவள் மார்டள்ளி பஸ்ஸில் ஏறுவாள், இவன் கேசரையில் படுத்துத் தூங்குவான். ரசம் அடுப்பு மேல இருக்குதுங்க. கேஸ் புக் பண்ணிட்டேன். அவள் மனதில் இன்னும் என்னென்ன ஆசைகள் இருக்கின்றனவோ, லாரி மாதிரி இன்னும் எத்தனையோ, அதெல்லாம் அவனுக்குத் தெரியாமலே போகும். நியாயம்தான் என்றும் தோன்றியது. ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்கத் தெரியாதவனோடு யார்தான் ஊர் சுற்றுவார்கள்? துவைக்கிற பெண்கள் அவனுக்கும் ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். வாங்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டான்.

டிராக்டர் சத்தம் கேட்டது. கரும்புத் தோகைகள் ஒட்டிக்கிடந்த காலி டிரெய்லரில் ஜோதிமணி நின்றுகொண்டே வந்தாள், மஞ்சள் கட்டிய காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி. டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். இறங்கி வந்து எதிரில் நின்றாள். உமேஷ் எழுந்து, முதலில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். நிரம்பியிருந்தது.

"டீக்கடைக்காரர் சொன்னாரு" என்றாள். "ரோட்டு வழியா வண்டி இருக்குதுன்னு அவரு சொல்லச் சொல்ல, நீங்க கேக்காம மலையேறுனீங்களாமா. இந்த ரெண்டு பையோட. எதுக்குங்க?"

"நீ கெழக்கன்னு சொன்னியே" என்றான் உமேஷ். "எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. நீ போன வழியிலதானே வரணும், வழியில எங்கயாவது உக்காந்திருந்தா..." அவன் அவளுடைய கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். "தப்பாயிடுச்சு ஜோதி. விட்டுட்டுப் போயிட்டேன். நீ சொன்னது ஞாபகம் இருக்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஜோதிமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்க வேர்த்து உப்புப் பூத்திருந்தது. பை வார் அழுத்திய இடத்தில் கழுத்து கன்றியிருந்தது. அவள் கையை நீட்டி மார்புப் பையை அவன் தோளிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். வார் சிக்கிக்கொண்டது. அவன் குனிந்து கொடுத்தான்.

சென்னம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பஞ்சாயத்து தன் ஏரிக்கரையில் நடக்கிறபோது தீர்ப்பு தெரியாமல் அவர் எப்படி வீட்டுக்குப் போவார்? "என்னம்மா, உன்னைய விட்டுட்டுப் போனவனை என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார்.

ஜோதிமணி பையை முழுக்கக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் உமேஷைப் பார்த்துக்கொண்டே, தமிழில்தான் பதில் சொன்னாள். சென்னம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, புரிய வேண்டியவனுக்குப் புரிந்தது.

"இவரு என்னைய உட்டுட்டுப் போகலீங்க. நான் போகச் சொன்ன எடத்துக்குத்தான் போனாரு. ரெண்டு தடவையும்."

உமேஷ் முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவனை ஒட்டினாற்போல் அந்தக் கல்லில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவன் கையில் கொடுத்தாள்.